மழைக்கு முன்னே ஒரு சைக்கிள் ஓட்டம்: சிகாமட்டில் எப்போது கிளம்பலாம், எப்போது திரும்ப வேண்டும்?

"அண்ணே, நாளைக்குப் போகலாமா? வானம் எப்படி இருக்கு?"

"காலையில ஓகே தம்பி. மத்தியானம் ஊத்தும். ஏழு மணிக்கு ரெடியா இரு."

அக்டோபர் பிறந்துவிட்டால் ஜோகூர், சிகாமட் வட்டாரச் சைக்கிளோட்டிகளின் வாட்ஸ்அப் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும். வடகிழக்கு பருவமழை வந்துவிட்டால் சைக்கிள் வீட்டுக்குள்தான். அதற்குள் ஜெமந்தா பக்கம் ஒரு ஓட்டம், லாபிஸ் பக்கம் ஒரு ஓட்டம், முடிந்தால் லெடாங் மலையடிவாரம் வரை ஒரு நீண்ட ஓட்டம் முடித்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஓர் அவசரம்.

அந்த "காலையில ஓகே" என்ற கணக்கு அக்டோபரில் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதே கணக்கை ஜனவரியில் போட்டால் தப்பு. ஏன் அப்படி? கிளம்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்? நடுவழியில் இடி இடித்தால் என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலையில் வெயில், மாலையில் இடி: ஏன்?

மலேசியாவுக்கு இரண்டு பருவக்காற்றுக் காலங்கள். மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு பருவக்காற்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கு பருவக்காற்று. இரண்டுக்கும் நடுவில் வருவது பருவநிலை மாற்றக் காலம். ஒன்று ஏப்ரல், மே வாக்கில். மற்றொன்று செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை.

இந்த மாற்றக் காலத்தில் காற்று பலவீனமாக இருக்கும், எந்தத் திசையிலிருந்தும் வரும். மழையை முடிவு செய்வது பெரும்பாலும் வெயில்தான். காலையில் வெயில் நிலத்தைச் சூடாக்குகிறது. சூடான ஈரக் காற்று மேலே எழும்புகிறது. மதியத்துக்குள் மேகம் கோபுரம் மாதிரி வளர்ந்துவிடும். பிற்பகலிலோ மாலையிலோ அது இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். மறுநாள் மீண்டும் அதே கதை.

தீபாவளி நேரத்தில் பகலெல்லாம் வெயில் கொளுத்தி, சாயங்காலம் பட்டாசுக்குப் பதிலாக இடி வெடிப்பதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். காரணம் இதுதான்.

அதனால் இந்த மாதங்களில் மழைக்கு ஏறக்குறைய ஒரு நேர அட்டவணை உண்டு என்று சொல்லலாம். சைக்கிளோட்டிக்கு அது பெரிய வரம்.

எத்தனை மணிக்குள் ஓட்டத்தை முடிக்க வேண்டும்?

நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் சிகாமட்டில் காலை 6.50 வாக்கிலேயே சூரியன் உதித்துவிடும். பிப்ரவரியில் அதே சூரியனுக்காக 7.20 வரை காத்திருக்க வேண்டும். ஆக, மழைக்கு முந்திய இந்த வாரங்களில்தான் காலை வெளிச்சமும் சீக்கிரமாகக் கிடைக்கிறது.

ஏழு மணிக்குக் கிளம்பினால் பதினொரு மணி வரை நான்கு மணி நேரம் கிடைக்கும். வழியில் பசியாற நிற்கும் அரை மணி நேரத்தைக் கழித்தாலும், சாதாரண வேகத்தில் 50, 60 கிலோமீட்டர் தாராளமாக ஓட்டலாம். பன்னிரண்டு மணிக்கு மேல் வெளியே இருந்தால் கடன் வாங்கிய நேரத்தில் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே முக்கியமானது கிளம்பும் நேரம் இல்லை, திரும்பும் நேரம். "ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாலும் சைக்கிளைத் திருப்பிவிடுவோம்" என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். சாலையில் போய் முடிவு செய்யலாம் என்று விட்டால், "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று மனசு சொல்லும். கூட வருபவர்களும் சொல்வார்கள்.

இதை எழுதும் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஓர் அக்டோபர் சனிக்கிழமை. காலையில் வேலை இருந்ததால், மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினேன். ஜெமந்தா சாலையில் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை; முன்னால் வானம் கறுத்துவிட்டது. திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. பத்து நிமிடத்தில் இரு பக்கமும் செம்பனை மரங்கள், தலைக்கு மேலே இடி. ஒரு பஸ் நிறுத்தத்தில் சுருண்டு நின்றேன். மூன்று பக்கமும் திறந்த அந்த நிறுத்தம் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று தப்பித்தது அதிர்ஷ்டம், புத்திசாலித்தனம் இல்லை.

காலை எப்போதும் பாதுகாப்பானதா?

இல்லை. ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. சுமத்ரா தீவுப் பக்கமும் மலாக்கா நீரிணையிலும் இரவில் உருவாகி, வரிசையாக நகர்ந்து வரும் இடிமழைக் கூட்டம். 'சுமத்ராஸ்' என்று அழைக்கப்படும் இது, விடியற்காலையிலும் காலையிலும்தான் தீபகற்பத்தின் மேற்குக் கரை, ஜோகூர், சிங்கப்பூர் பக்கம் வந்து அடிக்கும். பலத்த காற்றோடு வந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். தென்மேற்கு பருவக்காற்றுக் காலத்தில் இது அதிகம். மாற்றக் காலத்திலும் வரக்கூடும்.

அதனால் முதல் நாள் இரவு வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தூங்கினால் போதாது. காலையில் காலணி போடுவதற்கு முன் ஒருமுறை ராடார் படத்தைப் பாருங்கள். மேற்கிலிருந்து ஒரு நீண்ட சிவப்புக் கோடு நகர்ந்து வருகிறதா? அப்படியானால் இன்னொரு தே ஓ போட்டுக் குடியுங்கள். அது போன பிறகு கிளம்பலாம்.

பருவமழை வந்தால் கணக்கு ஏன் தப்புகிறது?

நவம்பரில் காற்று மாறுகிறது. ஆசியப் பெருநிலத்தின் குளிர்ந்த காற்று தென் சீனக் கடலைக் கடந்து வருகிறது. வழியில் கடலின் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறது. இந்தக் காற்று திடீரென வலுப்பெறும்போதுதான் தொடர் கனமழை பெய்யும்.

இந்த மழைக்கு உள்ளூர் வெயில் தேவையில்லை. அதனால் காலை, மாலை என்ற வித்தியாசமும் இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் முழுக்கப் பெய்யலாம். மூன்று நாள்கூட விடாமல் பெய்யலாம். "காலையில ஓகே" என்ற விதி இங்கே செல்லாது. கடிகாரத்தை மூடி வைத்துவிட்டு, எச்சரிக்கைகளையும் ஆற்றையும் பார்க்க வேண்டிய காலம் இது.

இன்னொரு விஷயம். மழை எல்லா மாநிலத்துக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. நவம்பர், டிசம்பரில் பெரும்பாலும் கிளந்தான், திரெங்கானு பக்கம் அதிகம். பிறகு மழைப் பகுதி மெல்லத் தெற்கே இறங்குகிறது. பகாங், ஜோகூரின் முறை பெரும்பாலும் டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் வரும். அதனால் "கிளந்தானில் வெள்ளம் வடிஞ்சிடுச்சு, இனி பயமில்லை" என்று சிகாமட்டில் இருப்பவர் நினைக்கக் கூடாது. நம் முறை அப்போதுதான் தொடங்கலாம்.

சிகாமட்டுக்கு இது புதிதல்ல

சுங்கை சிகாமட் நகரத்தின் ஊடாக ஓடி, சுங்கை மூவாரில் கலக்கிறது. மேட்டுப் பகுதிகளில் கனமழை பெய்தால், நகரத்தில் தூறல் மட்டுமே இருந்தாலும் ஆறு ஏறிவிடும். இங்கே வானத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் இரண்டு அலைகளாக வெள்ளம் வந்தது. சிகாமட், கோத்தா திங்கி உள்பட மாநிலத்தின் பல பகுதிகள் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

2011 ஜனவரி 30. தெனாங் சட்டமன்ற இடைத்தேர்தல் நாள். சீனப் புத்தாண்டுக்கு நான்கே நாள் இருந்தது. கொட்டும் மழையிலும் வெள்ளத்திலும்தான் வாக்களிப்பு நடந்தது. லாபிஸ், சிகாமட் வட்டாரத்தில் சாலைகள் துண்டிக்கப்பட்டன.

2023 மார்ச். பருவமழை முடியப்போகிறது என்று பலரும் நினைத்திருந்த நேரம். மாதத் தொடக்கத்திலேயே தொடர் கனமழை. சிகாமட், குளுவாங், பத்து பகாட் என்று ஜோகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் தற்காலிக நிவாரண மையங்களுக்குப் போனார்கள். பத்து பகாட்டின் சில இடங்களில் தண்ணீர் வடியவே வாரக்கணக்கானது.

டிசம்பர், ஜனவரி, மார்ச் என்று மூன்றும் வெவ்வேறு மாதங்கள். தைப்பூசம் முடிந்தது, வெயில் வந்தது, இனி மழை இல்லை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிப்ரவரி பெரும்பாலும் காய்ந்திருக்கும். சைக்கிளுக்கு நல்ல மாதம்தான். ஆனால் அப்போதும் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா இரண்டு வகை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, இடிமழை எச்சரிக்கை. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும், அது நெருங்கிவிட்டது அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்ற அறிகுறி தெரியும்போது இது வரும். இது குறுகிய கால எச்சரிக்கை. அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதாவது நேற்று வந்த எச்சரிக்கையை வைத்து இன்றைக்கு முடிவெடுக்க முடியாது. இன்று காலை எச்சரிக்கை இல்லை என்பதால் மாலையிலும் வராது என்றும் அர்த்தமில்லை.

இரண்டாவது, தொடர் கனமழை எச்சரிக்கை. இது நாள்கணக்கு. மூன்று படிகள் உண்டு: மஞ்சள் நிறம் 'வாஸ்படா', ஆரஞ்சு நிறம் 'புரூக்', சிவப்பு நிறம் 'பஹாயா'. சைக்கிளோட்டிக்குச் சுலபமான விதி இதுதான்: மஞ்சள் வந்தால் தூர ஓட்டத்தை ரத்து செய்யுங்கள். ஆரஞ்சோ சிவப்போ வந்தால் சைக்கிளைத் தொடவே வேண்டாம்.

இவற்றை மெட்மலேசியாவின் 'மைச்சுவாச்சா' செயலியில் பார்க்கலாம். ஆற்று நீர்மட்டத்துக்கு, வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ் நடத்தும் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' அகப்பக்கம் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் ஆற்று நிலையத்துக்கும் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு நிலைகள் காட்டப்படும். சிகாமட் நிலையத்தை மட்டும் பார்க்காமல், அதற்கு மேலே உள்ள நிலையங்களையும் பாருங்கள். மேலே ஏறும் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கீழே வந்துதான் ஆக வேண்டும்.

நடுவழியில் இடி கேட்டால்?

உலகிலேயே இடி மின்னல் அதிகமாகக் காணும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அதனால் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்தாலும் தப்பில்லை.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே ஒதுங்க வேண்டும். எண்ணத் தெரியாமல் போனாலும் பரவாயில்லை. இடி காதில் விழுந்துவிட்டாலே நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள்.

• ஒதுங்க ஏற்ற இடம்: சுவரும் கூரையும் உள்ள முழுக் கட்டடம். கடை, பெட்ரோல் நிலையக் கடை, சூராவ், கோயில் மண்டபம் எதுவானாலும் சரி. உலோகக் கூரை உள்ள, கண்ணாடி ஏற்றிய காடியும் பாதுகாப்பானது.

• ஒதுங்கக் கூடாத இடம்: தனி மரத்தடி, திறந்த பஸ் நிறுத்தம், தோட்டத்துக் கொட்டகை, பெரிய அறிவிப்புப் பலகையின் கீழ்.

• "சைக்கிள் டயர் ரப்பர்தானே, மின்சாரம் பாயாது" என்று நம்ப வேண்டாம். பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் மின்னலுக்கு அந்த மெல்லிய ரப்பர் ஒரு தடையே இல்லை. காடி காப்பாற்றுவதும் டயரால் அல்ல, அதன் உலோக உடலால்.

• கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் கழித்தே மீண்டும் ஓட்டுங்கள். மழை நின்றுவிட்டது என்பது மின்னல் நின்றுவிட்டது என்று ஆகாது.

• கூட வந்தவர் மின்னலால் தாக்கப்பட்டால் உடனே 999க்கு அழையுங்கள். அவரைத் தொடலாம், உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியைத் தாமதிக்காமல் தொடங்குங்கள்.

சிகாமட் சுற்றுவட்டாரத்தில் ஒரு பிரச்சினை உண்டு. தோட்டப் பகுதிக்குள் போய்விட்டால் வெகுதூரம் கட்டடமே இருக்காது, ரப்பரும் செம்பனையும்தான். அதனால் மாலை மழைக் காலத்தில் வழியைத் தேர்ந்தெடுக்கும்போதே, எங்கெங்கே ஒதுங்கலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூலோ காசாப், பத்து அன்னாம் வழியாகச் செல்லும் பழைய கூட்டரசு சாலையில் வழிநெடுக ஊர்களும் கடைகளும் வரும். ஆள் அரவமற்ற தோட்டத்துச் செம்மண் பாதை அழகுதான். அதைக் காய்ந்த காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நனைந்த சாலையும் வெள்ளநீரும்

நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழைதான் அதிகமாக வழுக்கும். சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும். வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், தண்டவாளக் கடப்புகள் எல்லாமே வழுக்கும் இடங்கள். தோட்டச் சந்திகளில் லோரிகள் இழுத்து வரும் சேறும், உதிர்ந்த செம்பனைப் பழங்களும் கிடக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளையும்போது பிரேக் பிடிக்காதீர்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய பிரேக் வகை, நனைந்தால் பிடிக்கத் தாமதிக்கும். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியட்டும். கொட்டும் மழையில் லோரி ஓட்டுநருக்கு உங்கள் கறுப்புச் சட்டை தெரியவே தெரியாது.

சாலையில் வெள்ளநீர் ஓடுகிறதா? ஒரே பதில்: திரும்புங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே ஒருவரைத் தள்ளி விழவைக்கும். 30 சென்டிமீட்டர் சிறிய காடியையே நகர்த்தும். கலங்கிய நீருக்கு அடியில் சாலை முடிந்து லோங்காங் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எலிச் சிறுநீர்க் காய்ச்சலைப் பரப்பும் கிருமியும் அந்த நீரில் இருக்கலாம். காலில் ஒரு சின்னச் சிராய்ப்பே அதற்குப் போதும்.

மழைக்குள் நிறைய ஓட்டிச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா?

பலர் செய்யும் தவறு இது. வழக்கமாக வாரத்துக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுபவர், "மழை வரப்போகுதே" என்று ஒரே வாரத்தில் 200 கிலோமீட்டர் ஓட்டுவார். முட்டி வலி வரும், சோர்வு வரும். மழைக்கு முன்பே சைக்கிள் மூலைக்குப் போய்விடும்.

உடல் வலிமை சேமிப்புக் கணக்கு இல்லை. மொத்தமாகப் போட்டு வைத்துப் பிறகு எடுக்க முடியாது. ஆனால் இருப்பதைக் காப்பாற்றுவது அவ்வளவு கஷ்டமும் இல்லை. ஓட்டும் நாள்களைக் குறைத்தாலும், வாரத்துக்கு இரண்டு முறை கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்தால் பெரும்பகுதி தங்கிவிடும். வீட்டில் டிரெய்னரில் முப்பது நிமிடம் மிதிக்கலாம். அது இல்லையென்றால் கயிறு தாண்டலாம், படி ஏறி இறங்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

மழைக்கு முந்திய வாரங்களில் தூரத்தைப் படிப்படியாகவே கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டம், இரண்டு குறுகிய ஓட்டம் போதும். அந்த நீண்ட ஓட்டத்துக்கு ஒரே நாளைக் குறித்து வைக்காமல், சனி அல்லது ஞாயிறு என்று இரண்டு நாளை ஒதுக்குங்கள். எந்தக் காலை தெளிவாக இருக்கிறதோ அன்று போகலாம். 'இன்னைக்கு விட்டா போச்சு' என்ற அவசரம்தான் ஆள்களைக் கறுத்த வானத்துக்குள் ஓட்டவைக்கிறது.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

• ராடாரும் எச்சரிக்கையும் இன்று காலை பார்த்தாகிவிட்டதா?
• திரும்பும் நேரம் எத்தனை மணி? கூட வரும் எல்லாருக்கும் தெரியுமா?
• வழியில் ஒதுங்க எந்தெந்த இடங்கள்?
• எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டதா?
• கைப்பேசி தண்ணீர் புகாத பையில், பேட்டரி நிறைய இருக்கிறதா?
• முன், பின் விளக்கு எரிகிறதா?

நனைந்து வந்தால் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுப் போகாதீர்கள். சேற்றைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஒரே இரவில் துரு ஏறிவிடும்.

பருவமழை ஒன்றும் நமக்கு எதிரி இல்லை. அது வரும், சில மாதம் இருக்கும், போய்விடும். சிகாமட்டின் சாலைகளும் டுரியான் தோப்புகளும் லெடாங் மலையும் அங்கேயேதான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை விட்டுக்கொடுத்தால் அடுத்த ஞாயிறு வரும். "திரும்பிடலாம் அண்ணே" என்று குழுவில் ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்காமல் எல்லாரும் திரும்பிவிடுங்கள். திரும்பியதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை.